செம்பனைக் கடன் கோப்பும் செயற்கைக்கோள் படமும்: ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு வங்கியின் கடன் இடர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருவதில் பெரும்பங்கு இந்தோனேசியச் செம்பனை (பாமாயில் தரும் பனை) கம்பெனிகளின் கோப்புகள். ஆலை கட்டக் கடன், மறுநடவுக்குக் கடன், பழைய கடனைப் புதுப்பிக்க ஒரு விண்ணப்பம் என்று வரும். எதுவானாலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்: இந்தப் பணத்தால் காடு அழியுமா? கம்பெனி அனுப்பும் நிலைத்தன்மை அறிக்கையின் அட்டையில் ஒராங்ஊத்தான் அழகாகச் சிரிக்கும். பதில் அதற்குள் கிடைக்காது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் சென்னை, கோவைப் பக்கமிருந்து பைத்தான் நிரல்மொழியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், முதல் நாளே செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். மரம் விழுந்ததைக் கண்டுபிடிப்பது இன்று எளிது, பெரும்பாலும் இலவசமும்கூட. அது யார் நிலம், விழுந்தது என்ன மரம், விழுந்தால் வங்கி என்ன செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? கஷ்டம் இந்த மூன்றில்தான். படம் அதற்கப்புறம்.

எல்லைக் கோப்பு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள்

கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது தோட்டத்தின் எல்லைக் கோப்பு. எல்லையை ஆயத்தொலைவுகளாகச் சேமிக்கும் ஷேப்ஃபைல் அல்லது கேஎம்எல் வடிவில். பிடிஎஃப் வரைபடத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துக் கோடு போடாதீர்கள். தடித்த பேனாவால் வரைந்த எல்லைக்கோடு ஒன்றே தரையில் நூறு மீட்டர் அகலம் வரும். காடு அழியும் தகராறு பெரும்பாலும் அந்த நூறு மீட்டருக்குள்தான்.

எந்த எல்லை என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். இந்தோனேசியாவில் நில உரிமை படிப்படியாக வரும். முதலில் இட அனுமதி (2021க்கு முன் இதன் பெயர் இசின் லோகாசி), பிறகு தோட்டத் தொழிலுக்கான உரிமம் (முன்பு ஐயூபி), அரசின் வனப் பகுதியில் விழும் நிலமென்றால் வன அமைச்சின் விடுவிப்பு ஆணை, கடைசியில் ஹெச்ஜியூ என்ற நீண்டகாலப் பயிரிடும் உரிமை. ஒவ்வொரு படியிலும் பரப்பு மாறும். கம்பெனிகள் விரும்பித் தருவது நடவான பகுதியின் எல்லையை மட்டும். அதில் காடு இருக்கவே இருக்காது, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே செம்பனை நிற்கிறது. இனி வெட்டப்படக்கூடிய காடு நடவாகாத மிச்சத்தில் இருக்கிறது. ஆகவே எந்தப் படியில் இருந்தாலும் கம்பெனி கையில் இருக்கும் எல்லா அனுமதிகளின் முழு எல்லையும் வேண்டும், நடவுப் பகுதி தனி அடுக்காக வேண்டும்.

அரசிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஹெச்ஜியூ விவரங்களை வெளியிடக் கோரி ஃபாரஸ்ட் வாட்ச் இந்தோனேசியா என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்ததே தவிர தரவு முழுதாக வெளியே வரவில்லை. கம்பெனி ஆர்எஸ்பிஓ என்ற, பாமாயிலுக்கு நிலைத்தன்மைச் சான்று தரும் பன்னாட்டு அமைப்பில் உறுப்பினராக இருந்தால் கொஞ்சம் நல்லது; உறுப்பினர்கள் எல்லைகளை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, அவற்றை அந்த அமைப்பு இணையத்தில் வரைபடமாகவே வைத்திருக்கிறது. கம்பெனி உங்களுக்குத் தந்ததையும் அங்கே இருப்பதையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடமே உங்கள் முதல் கேள்வி.

கோப்பு கைக்கு வந்ததும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, அது பூமியில் சரியான இடத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் மாகாணத்தில் பூமத்தியரேகை பொந்தியானாக் நகரத்தை ஒட்டியே போகிறது. அந்த மாகாணத்தின் ஒரு பகுதி வடகோளம், மறுபகுதி தென்கோளம். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் வடக்குக்கு 49என், தெற்குக்கு 49எஸ். தென்கோளத்தில் எதிர்மறை எண் வராமலிருக்க ஒரு கோடி மீட்டரைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். மாகாணத்தின் தெற்கே கெத்தாப்பாங் பக்கத்து நிலம் ஒன்றின் வடக்கு ஆயம் ஏறத்தாழ 98 லட்சம் மீட்டர் என்று வரும். அதே எண்ணை 49என் என்று படித்தால் தோட்டம் வடதுருவத்துக்கு அருகில் போய் விழும். அங்கே காடழிப்பு எச்சரிக்கை ஒன்றும் வராது. உங்கள் தானியங்கி அறிக்கை 'சுத்தம்' என்று பச்சை விளக்குக் காட்டும். எந்த ஆயமுறை என்று சொல்ல ஷேப்ஃபைலோடு வரவேண்டிய பிஆர்ஜே கோப்பு விடுபட்டால் நடப்பது இதுதான். படத்தின்மேல் போட்டுப் பார்க்காமல் எந்த எல்லையையும் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் பரப்பு. எல்லையின் ஹெக்டேர் கணக்கை உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓரிரு விழுக்காடு வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் போனால் கடிதம் எழுதுங்கள்.

கடன் வாங்குவது ஆலை என்றால் கதையே வேறு. சொந்தத் தோட்டம் இல்லாமல் வெளியிலிருந்து குலை வாங்கி அரைக்கும் ஆலைகள் ஏராளம். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுவராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் ஆலையைச் சுற்றி 50 கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் காட்டையும் எச்சரிக்கைகளையும் பார்ப்பது வழக்கம். அந்த வட்டம் குற்றத்தைக் காட்டாது, அபாயத்தைக் காட்டும். இதை மறந்துவிட்டு 'உங்கள் வட்டத்தில் இத்தனை ஹெக்டேர் அழிந்திருக்கிறது' என்று ஆலைக்குக் கடிதம் போட்டால், அதே வட்டத்துக்குள் வேறு ஆலைகளும் இருக்கின்றன என்று ஒரே வரியில் பதில் வரும். அவர்கள் சொல்வது சரிதான்.

எந்தத் தேதியிலிருந்து?

'காடழிப்பு இல்லாத' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கெடு தேதி, அதாவது எந்த நாளுக்குப் பிறகு காட்டை வெட்டியிருக்கக் கூடாது என்ற தேதி, இல்லாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை. ஆர்எஸ்பிஓவில் முதன்மைக் காட்டுக்கும் உயர் பாதுகாப்பு மதிப்புள்ள இடங்களுக்கும் 2005 நவம்பர். அதிகக் கரிமம் கொண்ட காடுகள் 2018 நவம்பரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்துக்கு 2020 டிசம்பர் 31. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனது, கெடு தேதி மாறவில்லை. அது வங்கிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கடனாளியின் எண்ணெயை ரோட்டர்டாமில் இறக்குபவரைக் கட்டுப்படுத்தும், ஆகவே கடனாளியின் வருமானத்தைத் தொடும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு முழு எல்லையும், ஆயத்தொலைவில் ஆறு தசம இலக்கமும் அது கேட்கிறது. எண்களை மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை பிசகும். ஆறு இலக்கக் கோப்பைக் கடனாளியிடம் கேட்க இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

உங்கள் வங்கியின் கொள்கையில் எந்தத் தேதி இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், படத்தைத் திறப்பதற்கு முன்பே, கடன் குழுவிடமிருந்து ஒரு தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். படம் பார்த்த பிறகு தேதியை நிர்ணயித்தால், தேதி கடனுக்கு ஏற்றபடி நகரும். மனித இயல்பு.

விழுந்தது காடா, செம்பனையா?

நான் வளர்ந்தது மலேசியாவின் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அப்பா குலை வெட்டினார். செம்பனைக்கு இருபத்தைந்து வயது ஆகும்போது நீளக் கழியில் கட்டிய அரிவாளுக்குக்கூடக் குலை எட்டாது, விளைச்சலும் இறங்கும். அப்போது இயந்திரங்கள் வந்து ஒரு கட்டையும் விடாமல் சாய்த்து, தண்டுகளைத் துண்டுபோட்டு வரிசை வரிசையாக அடுக்கிவிட்டுப் போகும். பார்க்கிறவருக்கு யுத்தகளம் மாதிரி இருக்கும். சில மாதத்தில் கன்றுகள் நடுவார்கள். தோட்டத்தில் இருந்த யாருக்கும் அது காடழிப்பு இல்லை என்று தெரியும். செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

உலகம் முழுவதும் பயன்படுத்தும் மரமூட்ட இழப்புத் தரவு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஹான்சன் குழு உருவாக்கியது. 2013இல் வெளிவந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் 30 மீட்டர் சதுரங்களில், ஐந்து மீட்டருக்கு உயரமான மரமூட்டம் இருந்து போனதா என்று மட்டும் அது பார்க்கிறது. செம்பனையும் அதற்கு மரம்தான், ரப்பரும் மரம்தான், ஐந்தாறு வருடத்தில் வெட்டும் காகிதக்கூழ் அக்காசியாவும் மரம்தான். ஒரு பழைய தோட்டக் கம்பெனியின் எல்லைக்குள் இந்தத் தரவை அப்படியே போட்டால் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் 'இழப்பு' வரும், அத்தனையும் மறுநடவாக இருக்கும். அதைக் காடழிப்பு என்று கடன் குழுவுக்கு அனுப்பினால், அடுத்த முறை நீங்கள் உண்மையான காடழிப்பைக் கொண்டுபோகும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை வடிகட்ட இரண்டு அடுக்குகள் உதவும். ஒன்று, 2001ஆம் ஆண்டின் ஈரவெப்பமண்டல முதன்மைக் காட்டு வரைபடம். காடுகளைக் கண்காணிக்கும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இணையத்தளத்திலேயே இருக்கிறது. இழப்பு இதற்குள் விழுந்தால் மறுநடவு என்ற சாக்கு செல்லாது. ஆனால் இது மட்டும் போதாது. ஒருமுறை வெட்டப்பட்டு இருபது வருடம் வளர்ந்த இரண்டாம் தலைமுறைக் காடு இதில் வராது. ஆர்எஸ்பிஓவின் இன்றைய விதிப்படி அதையும் பெரும்பாலும் தொடக்கூடாது. இரண்டாவது, ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்ட 2020ஆம் ஆண்டுக் காட்டு வரைபடம், பத்து மீட்டர் துல்லியம். தோட்டங்களைக் கழித்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள், ஆனாலும் முற்றிய தோட்டம் சில இடங்களில் காடென்று பதிவாகியிருக்கும். தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

மிச்சத்துக்குக் கண்தான். செம்பனைத் தோட்டத்தை மேலிருந்து பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் பெரிய கம்பெனிகளின் பாத்தி வழக்கமாக ஒரு கிலோமீட்டர் நீளம், முந்நூறு மீட்டர் அகலம், அதாவது முப்பது ஹெக்டேர். நான்கு பக்கமும் சாலை. மறுநடவில் மரம் போனாலும் அந்தச் சாலைக் கட்டம் அப்படியே இருக்கும், வெட்டியது ஒரு சாலையில் தொடங்கி இன்னொரு சாலையில் நிற்கும். புதுக் காடழிப்பில் முதலில் சாலையோ கால்வாயோ ஒரு கோடாகக் காட்டுக்குள் நுழையும். பிறகு அதன் இரு பக்கமும் திறக்கும். வெட்டுவதற்கு முந்தைய படத்தையும் பாருங்கள்: செம்பனை சீராகப் பாய் விரித்தது போல இருக்கும், இயற்கைக் காட்டில் உச்சிகள் பெரிதும் சிறிதுமாக, நிழலும் வெளிச்சமுமாகக் கரடுமுரடாக இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் லேண்ட்சாட்டின் பழைய படங்களுக்குப் போங்கள். 2008 முதல் அந்தக் களஞ்சியம் முழுவதும் இலவசம். 1990களின் கடைசியில் அதே இடம் வெறும் மண்ணாகத் தெரிந்தால், இப்போது விழுந்தது அப்போது நட்ட செம்பனைதான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

எச்சரிக்கைகளைப் படிப்பது

ஆண்டுத் தரவு கடன் கொடுக்கும் முன் வரலாற்றைப் பார்க்க. கொடுத்த பிறகு வேண்டியது வாராந்திர எச்சரிக்கை. கலிமந்தானிலும் பாப்புவாவிலும் மாதக்கணக்கில் மேகம் விலகாத இடங்கள் உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை மேலே போனாலும் வெள்ளைப் பஞ்சைத்தான் படம் பிடித்துத் தரும். அதனால் இங்கே ரேடார் முக்கியம். சென்டினல்-1 அனுப்பும் அலை மேகத்தை ஊடுருவும், இரவிலும் வேலை செய்யும். அதை வைத்து நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் நடத்துவது ரேட் எச்சரிக்கை. லேண்ட்சாட்டை வைத்து மேரிலாந்துக்காரர்கள் நடத்துவது கிளாட். இரண்டையும் சேர்த்து ஒரே அடுக்காகக் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒரே இடத்தைச் சொன்னால் நம்பகம் மிக உயர்ந்தது என்று குறிக்கும். நான் முதலில் திறப்பது அவற்றைத்தான்.

நான்கு விஷயம் நினைவில் இருக்கட்டும். எச்சரிக்கையின் தேதி செயற்கைக்கோள் கவனித்த தேதி. மரம் அதற்குப் பல நாள் முன்பே விழுந்திருக்கலாம். கெடு தேதியை ஒட்டிய வழக்கில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இரண்டாவது, இந்தோனேசியாவில் ரேட் முதன்மைக் காடு என்று வரைந்த பகுதிக்குள் மட்டும் பார்க்கிறது, வெளியே எவ்வளவு வெட்டினாலும் வாய் திறக்காது. மூன்றாவது, பீட் சதுப்பில் (மட்கிய தாவரங்கள் சேர்ந்த ஈரநிலம்) வெள்ளம் ஏறி இறங்கும்போது ரேடார் குழம்பும். ஆற்றோரமாகச் சிதறிய புள்ளிகள் வந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடைசியாக, சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது, அதன் இடத்துக்கு 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில்தான். நடுவில் உள்ள காலத்தில் எச்சரிக்கை குறைவாக இருந்தால் வெட்டு குறைந்தது என்று பொருளில்லை, கண் ஒன்று குறைந்தது என்றும் இருக்கலாம்.

தீப்புள்ளிகளை இதோடு கலக்காதீர்கள். செயற்கைக்கோளிலிருந்து தீயைக் கண்டறியும் விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம். தீ அதற்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. எல்லையில் விழுந்த புள்ளியை வைத்துக் கடனாளியைக் குற்றம்சாட்ட முடியாது. அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. 2015இல் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, புகையால் சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 2014ஆம் ஆண்டின் எல்லைதாண்டிய புகைமூட்டச் சட்டப்படி, வெளிநாட்டில் தீ வைத்த கம்பெனிக்கும் இங்கே நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அது நேரடியான கடன் இடர்தான்.

ஒரு கோப்பை அருகில் வைத்துப் பார்ப்போம்

கெத்தாப்பாங் மாவட்டத்தில் ஒரு கடனாளி, பெயர் வேண்டாம். தென்மேற்கு மூலையில், நடவாகாத பகுதியில், ரேட் புள்ளிகள் ஒரு கொத்தாக வந்தன. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம். கொத்து பெரிதாகிக்கொண்டே போவது நல்ல அறிகுறி இல்லை. வெள்ளம் என்றால் வந்து போகும்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் அந்த இடத்தின் சென்டினல்-2 படங்களை வரிசையாகத் தேடினேன். முதல் சில முழுக்க மேகம். ஒன்றில் ஓர் ஓட்டை வழியாக அந்த மூலை மட்டும் தெரிந்தது. நமக்கு அது போதும். இயல்பு நிறத்தில் பழுப்பும் பச்சையும் கலங்கலாகத்தான் இருந்தது. குறுஅலை அகச்சிவப்பு நிறக்கலவைக்கு மாற்றினால் காடு அடர்பச்சை, வெறும் மண் பழுப்பும் இளஞ்சிவப்பும், தண்ணீர் கறுப்பு. மாற்றியதும் தெரிந்தது: அளவுகோல் வைத்து வரைந்தது போல ஒரு கறுப்புக் கோடு, சரியான இடைவெளி விட்டு அதற்கு இணையாக இன்னொன்று, நடுவில் இளஞ்சிவப்பு. பீட் நிலத்தைக் காயவைக்க வெட்டிய கால்வாய்.

விளக்கம் கேட்டு எழுதினோம். வந்த பதில், இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்டுப் பழகியது: அது கம்பத்துக்காரர்கள், அதாவது கிராமத்தார், செய்தது. சில சமயம் அது உண்மையே. கம்பத்து மக்கள் திறக்கும் நிலம் சின்னச் சின்னத் துண்டுகளாக, கோணல்மாணலாக, மாதக்கணக்கில் மெல்ல விரியும். ஒரு குடும்பம் இரண்டு ஹெக்டேரைத் திறந்ததற்காகக் கடன் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அது அநியாயம். அந்த நிலம் கம்பெனிக்கு முன்பிருந்தே அவர்களுடையதாகவும் இருக்கலாம். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நேர்கோட்டுக் கால்வாய் வெட்ட எக்ஸ்கவேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், அது வந்து போகச் சாலை வேண்டும். அந்தக் கால்வாய் கம்பெனியின் நடவுப் பகுதிக் கால்வாயோடு போய்ச் சேர்ந்தது. அதைக் கேள்வியாகவே எழுதினோம்: இந்த இயந்திரம் எந்தச் சாலை வழியாக உள்ளே வந்தது? குற்றச்சாட்டுக்கு வழக்கறிஞர் பதில் எழுதுவார். இப்படிக் கேட்டால் தோட்ட மேலாளர்தான் எழுத வேண்டியிருக்கும்.

கேட்கும்போது படத்தின் எண், தேதி, ஆயத்தொலைவு மூன்றையும் கடிதத்திலேயே போடுங்கள். கூகுள் எர்த்தின் பின்னணிப் படத்தை ஒட்டி அனுப்பாதீர்கள். அது பல தேதிப் படங்களைத் தைத்து ஒட்டியது, பக்கத்துப் பக்கத்து மூலைகள் வெவ்வேறு ஆண்டாக இருக்கும். இன்னொன்று, படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சின் தளம் ஆராய்ச்சிக்கு இலவசம், வங்கி வேலைக்குக் கட்டணம். கல்லூரிக் கணக்கை வைத்துக் கடன் கோப்புக்குப் படம் எடுக்காதீர்கள். கடனாளியின் எல்லையைப் பொதுத் தளங்களில் ஏற்றுவதும் ரகசியக்காப்புப் பிரச்சினை. நிதி நிறுவனங்களுக்கென்று குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் ப்ரோ 2019 முதல் இருக்கிறது, பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் எழுதாதது கண்ணுக்குத் தெரிந்தும் பயனில்லை

பணம் மரத்தைக் காக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் பிரேசிலைச் சொல்வேன். 2008இல் அந்நாட்டு நாணய மன்றம் 3545ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது: அமேசான் பகுதியில் வேளாண் கடன் வேண்டுமென்றால் நில உரிமைக்கும் சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றியதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். கிளைமேட் பாலிசி இனிஷியேட்டிவ் ஆய்வாளர்களின் கணக்குப்படி, 2008 முதல் 2011 வரை ஏறத்தாழ 290 கோடி பிரேசில் ரெயால் கடன் கொடுபடாமல் நின்றது, சுமார் 2,700 சதுர கிலோமீட்டர் காடு தப்பியது. விளைவு பெரிதாகத் தெரிந்தது கால்நடை வளர்ப்பு முதன்மையாக உள்ள நகராட்சிகளில். அங்கே 1988 முதல் ப்ரோடெஸ் என்ற அரசுக் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கைத் தருகிறது. படத்தோடு கடன் விதியும் சேர்ந்ததால்தான் அந்தப் பலன்.

இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட சுற்றுச்சூழல் இடர் வழிகாட்டி நெறிகள் வங்கிகளை இடரை மதிப்பிடச் சொல்கின்றன. பற்களை நாம்தான் ஒப்பந்தத்தில் வைக்க வேண்டும். நான் வலியுறுத்தும் நிபந்தனைகள் இவை. முதல் பணம் வெளியேறும் முன் முழு எல்லைக் கோப்பும் வங்கி கையில் இருக்க வேண்டும். புது நிலமோ துணைக் கம்பெனியோ வாங்கினால் முப்பது நாளுக்குள் அதன் எல்லையும் வர வேண்டும். வங்கி எச்சரிக்கை அனுப்பினால் பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில், அதுவரை அந்த இடத்தில் வேலை நிறுத்தம். அத்துமீறல் உறுதியானால் மீதிக் கடனை எடுக்க முடியாது. மீட்டெடுப்புத் திட்டத்தை வெளியார் ஒருவர் சரிபார்த்த பிறகே கதவு திறக்கும். உடனே கடனைத் திருப்பிக் கேட்கும் விதியை நான் கடைசியில் வைப்பேன். அதை ஒருமுறை பயன்படுத்தினால் கடனாளி வேறு வங்கிக்குப் போவார், எல்லைக் கோப்பும் அவரோடு போகும்.

நிலைத்தன்மையோடு இணைத்த கடன் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இலக்கை எட்டினால் வட்டி சற்று இறங்கும், தவறினால் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துக் கோடி டாலர் கடனில் ஐந்து அடிப்படைப் புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.01 விழுக்காடு) என்றால் ஆண்டுக்கு 50,000 டாலர். ஒரு புதுத் தோட்டத்தின் வருமானத்துக்கு முன்னால் அது சில்லறை. தவறினால் அதைக் கட்டிவிட்டுக் காட்டை வெட்டலாம். ஆகவே காடழிப்பை வட்டிப் படிக்கட்டில் வைக்காதீர்கள், நிபந்தனையில் வையுங்கள். படிக்கட்டில் வைக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இலக்கை 'எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டறியும் தன்மை 95 விழுக்காடு' என்பது போல எழுத விடாதீர்கள். கெடு தேதிக்குப் பிறகு குழுமத்தின் எல்லா எல்லைகளிலும் இயற்கைக் காட்டு இழப்பு சுழியம், மறுநடவு நீங்கலாக, இன்ன தரவில், இன்னார் சரிபார்த்து, என்று எழுதுங்கள்.

'குழுமத்தின்' என்ற சொல்லுக்காகச் சண்டை நடக்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். கடன் வாங்கும் கம்பெனி சுத்தமாக இருக்கும், அதன் சகோதரக் கம்பெனி பாப்புவாவில் வெட்டும். அப்படியும் சிக்கினால், அந்தச் சகோதரக் கம்பெனியை விற்றுவிட்டோம் என்று ஒரு கடிதம் வரும். இந்தோனேசிய சட்ட அமைச்சின் கம்பெனிப் பதிவேட்டில் கட்டணம் செலுத்தினால் பங்குதாரர், இயக்குநர் பட்டியல் கிடைக்கும். வாங்கியவரின் பட்டியலை எடுத்து, பழைய இயக்குநரோ அதே அலுவலக முகவரியோ திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விற்பனையை ஏற்காதீர்கள். வராவிட்டாலும், விற்ற நிலத்தின் எல்லையைக் கடன் முடியும்வரை கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்க வங்கிக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரியை நீக்கச் சொல்லி யாராவது கேட்டால், ஏன் என்று எழுத்தில் கேட்டுக் கோப்பில் வையுங்கள்.